வலது பக்கம் திரும்பினால் மட்டும்

போன வாரம் சிங்காநல்லூரிலிருந்து வாடகைக் காரில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். ஒரு சந்துக்குள் வண்டி வலது பக்கம் திரும்பியதும் முன்சக்கரத்தில் ‘டக் டக் டக்’ என்று சத்தம். நேராக ஓடியபோது சத்தமில்லை. அடுத்த வலது திருப்பத்தில் மறுபடியும் டக் டக். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

“தம்பி, இடது பக்கம் முன்சக்கரத்து ஜாயிண்ட் போகப்போவுது, பாத்துக்கங்க” என்றேன்.

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நரைத்த தலையும் மடியில் கீரைக்கட்டும்தான் தெரிந்திருக்கும். “அது ரோட்டு சத்தங்கம்மா” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! பாவம், அந்தப் பையனுக்கும் அந்தக் கோபத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது தொண்ணூறுகளிலிருந்து நான் வயிற்றுக்குள் வைத்திருக்கிற கோபம்.

அப்போது போத்தனூர்ப் பக்கம் ஒரு மில்லில் பஞ்சு பரிசோதிக்கும் அறையில் எனக்கு வேலை. வீடு பீளமேட்டில். இரண்டு பஸ் மாறி, மிதிபட்டு, இடிபட்டுப் போய்ச் சேருவேன். என் வீட்டுக்காரர் ஒரு பழைய சின்ன வெள்ளைக் காரை வாங்கினார். வாங்கினாரே தவிர, அவருக்கு ஸ்கூட்டர்தான் வசதி. இரண்டாவது கியருக்கு மேல் போனாலே வேர்த்துவிடும். ஆகவே நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பின்னால் எடுக்கிறேன் பேர்வழி என்று பக்கத்து வீட்டு முருங்கை மரத்தைச் சாய்த்ததையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்கப்புறம் தினமும் காலையில் கண்ணாடியை இறக்கிவிட்டு, யார் முழங்கையும் விலாவில் படாமல், நானே ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வேன்! மில் வாசலில் வாட்ச்மேன் கேட்டை முழுசாகத் திறப்பார். நடந்து வந்த நாளில் ஒரு ஆள் நுழையும் அளவுக்குத்தான் திறப்பார்.

வண்டியை நான் ஓட்டினாலும் அதற்கு எஜமானர் மாமாதான், என் வீட்டுக்காரரின் அப்பா. மாதம் தவறாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாட்டர் சர்வீசுக்குக் கொண்டுபோய் நிறுத்துவார். கழுவி முடித்ததும், துருப்பிடிக்காமல் இருக்க அடிப்பாகம் முழுக்க மண்ணெண்ணெய் கலந்த கழிவு ஆயிலைப் பீய்ச்சி அடிப்பார்கள். அந்தக் காலத்தில் காருக்கு அதுதான் எண்ணெய்க் குளியல். மாமா பக்கத்தில் நின்று, “இன்னுங் கொஞ்சம் அடிங்க, சக்கரத்துக்கு உள்ளார நல்லா அடிங்க” என்பார். திங்கட்கிழமை மில்லுக்குப் போனால் என் சேலையில் அந்த நாற்றம் அடிக்கும். ஏதோ பெட்ரோல் பங்க்கிலிருந்து வந்தவள் மாதிரி கூட வேலை பார்ப்பவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் சத்தம் ஆரம்பித்தது. எங்கள் தெருவுக்குள் ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்து வலது பக்கம் திரும்பினால் மட்டும் வரும். வீட்டுக்காரரிடம் சொன்னேன். “உன்ற காதுலதான் சத்தம்” என்றார். மாமா சிரித்தார்: “பொம்பளைங்க ஓட்டுனா வண்டி கத்தத்தான செய்யும் அம்மணி!”

மெக்கானிக் பல வருஷம் அம்பாசிடரில் ஊறியவர். அதில் பின்சக்கரம்தான் வண்டியைத் தள்ளும், முன்சக்கரத்தில் இந்த மாதிரி ஜாயிண்டே கிடையாது. தங்கமான மனுஷன், அதுதான் தொல்லை. நான் எதைச் சொன்னாலும் “ஆமாங்க, பாத்துப்போடலாங்க” என்பார். ஓட்டிப் பார்க்கும்போது பெரியவருக்கு மரியாதையாக மாமாவைத்தான் முன்சீட்டில் உட்கார வைப்பார். நான் ஒர்க்‌ஷாப் ஸ்டூலில் காத்திருப்பேன். மாமாவுக்கு அலுங்கக்கூடாது என்று அவினாசி ரோட்டில் நூல் பிடித்த மாதிரி நேராகப் போய், அகலமான இடம் பார்த்து மெதுவாக வளைத்துத் திரும்பி வருவார்கள். நேராகப் போனால் அந்தச் சத்தம் எங்கே வரும்? நீங்களே சொல்லுங்கள்! “ஒண்ணுமே இல்லீங்கம்மா, கதவுக்குக் கிரீஸ் வெச்சுப்போட்டேன்” என்பார். மூன்று தடவை இதே கூத்து.

மூன்றாவது தடவை மாமா தீர்ப்புச் சொல்லிவிட்டார். “வண்டியில ஒரு கோளாறும் இல்ல. நீ ஒடிச்சு ஒடிச்சுத் திருப்பறதுதான் கோளாறு. சாவியக் குடு கண்ணு.” கண்ணு என்றுதான் சொன்னார். எங்கள் ஊரில் கையிலிருந்து பிடுங்கும்போதும் கண்ணு என்றுதான் சொல்வார்கள்.

மறுபடியும் பஸ். ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை காலை மாமா பேப்பர் படிக்கும்போது முன்னால் போய் நின்றேன். “மாமா, ஒரே ஒரு தடவ எங்கூட வாங்க. சத்தம் வரலீன்னா இனிமே வண்டியத் தொட மாட்டனுங்க.” என்ன நினைத்தாரோ, சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

சந்தைத் திடல் காலியாகக் கிடந்தது. கண்ணாடிகளை இறக்கினேன். ஸ்டீரிங்கை வலது பக்கம் முழுக்க ஒடித்து, செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி ஓட்டினேன். மாமாவின் காலடியிலேயே டக் டக் டக். இன்னொரு சுற்று. இன்னும் ஒன்று.

“கேக்குதுங்களா மாமா?”

“நிறுத்து, தல சுத்துது.”

“கேக்குதுங்களா?”

“கேக்குது, கேக்குது!”

அங்கிருந்து நேராக ஒர்க்‌ஷாப். சக்கரத்தைக் கழற்றினால், ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறை ஊறிப்போய், உப்பி, கிழிந்து தொங்கியது. கிரீஸெல்லாம் வெளியே போய் மண் உள்ளே நுழைந்திருந்தது. மெக்கானிக் தலையைச் சொறிந்தார். “ஆயில் அடிச்சு அடிச்சு ரப்பரு நொந்து போச்சுங்க.” மாமா காதில் அது விழவில்லை. “நாந்தான் உக்காந்து கேட்டேன். அப்பவே எனக்குச் சந்தேகம்” என்றார். அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அவர் கண்டுபிடித்ததாகப் பேச்சு. போகட்டும், பேரை யாரோ கொண்டுபோகட்டும், சாவி வந்தால் சரி என்று பொறுத்துக்கொண்டேன்.

புது ஜாயிண்ட் போட்டு வண்டி வீட்டுக்கு வந்தது. கையை நீட்டினேன். மாமா சாவியை என் வீட்டுக்காரர் கையில் வைத்தார். “இப்பத்தான் நல்லாயிருக்குது. மறுபடியும் எதுக்குங் கண்ணு கெடுத்துக்கோணும்?” இவர் என்னைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அன்றைக்கு நான் கத்தியிருக்க வேண்டும். மாமா, சத்தத்தைக் கேட்டது நான், வண்டியைக் கெடுத்தது உங்கள் ஆயில் என்று தெருவே கூடும்படி கத்தியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. “சரிங்க மாமா” என்றுதான் வெளியே வந்தது.

உறை போட்டு மூடிய கார் வாசலிலேயே நின்றது. நான் அதைத் தாண்டி பஸ்ஸுக்குப் போனேன். பிறகு யாருக்கோ விற்றார்கள். மாமாவும் போய்ச் சேர்ந்தார். மில்லைப் பூட்டி, இடித்து, மனை போட்டுவிட்டார்கள். சந்தைத் திடலில் கல்யாண மண்டபம் நிற்கிறது. இதற்கெல்லாம் எனக்குப் பெரிதாக வருத்தம் ஒன்றும் இல்லை, ஊர் என்றால் மாறத்தான் செய்யும். ஆனால் கண்ணாடியை இறக்கிவிட்டு நான் போத்தனூருக்கு ஓட்டிப் போயிருக்க வேண்டிய அத்தனை காலைகளும் இருக்கின்றனவே, அவற்றை யாரிடம் போய்க் கேட்பேன்?