கதவை அடைத்த கட்டில்

அன்று அந்தப் பின்னறைக்குள் இருந்தவர்கள் என் கணவர், அவரைப் பெற்ற மாமி, அறையைக் கட்டிய மேசன் பாஸ், நான், என் கையில் பிறந்து நாற்பது நாள் கழியாத என் மகள். வேறு யாரும் இல்லை. இன்னோர் ஆள் நிற்க இடமும் இல்லை. கட்டுகஸ்தோட்டையிலிருந்து கலகெதரப் பக்கம் போகும் வீதியில், மலையை வெட்டி எடுத்த துண்டு நிலத்தில் எங்கள் வீடு. பின்னறையின் மேற்குச் சுவருக்கும் வெட்டிய மண்மேட்டுக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டாக நடக்கலாம், அவ்வளவுதான். முன்னறை மாமியுடையது. அதுவரை ஹோலில் பாய் விரித்துப் படுத்த நாங்கள், பிள்ளை பிறந்ததும் இந்தப் புது அறைக்கு வருவதாகப் பேச்சு. மண் சரியும், மழை நாளில் மேட்டுப் பக்கம் படுக்க வேண்டாம் என்று கிராம சேவகர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

ஒரு கட்டில், ஓர் அலுமாரி, அவ்வளவுதான் சாமான். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், அங்குலக் கணக்கு வராது. சாண் வைத்து அளந்தேன். எப்படி அளந்தாலும் ஒரே விடைதான். அலுமாரியும் அறைக் கதவும் தடையில்லாமல் திறக்க வேண்டுமென்றால் கட்டிலின் தலைமாடு மேற்குச் சுவரில் முட்ட வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் மலை. தலையணையை மறுபக்கம் போட்டுக்கொள்கிறேனே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"கிப்லாவுக்குக் கால நீட்டியா படுக்கப் போறீங்க, மகள்?" என்றார் மாமி.

தொழும்போது நாங்கள் முகம் திருப்பும் திசை மேற்கு. அந்தப் பக்கம் கால் நீட்டுவது அந்த வீட்டில் நினைத்தும் பார்க்க முடியாத காரியம். கட்டிலைக் குறுக்கே வாசலோரமாகப் போட்டாலோ, உள்ளே திறக்கும் கதவை அது அடைத்துவிடும். நாவலப்பிட்டிக்காரரான பாஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மலை எங்கேயும் போகாதுங்க தங்கச்சி. அப்படியே போனாலும் எல்லாரும் சேந்துதான் போவோம்" என்றார். என் கணவர் சிரித்தார்.

மாமி சிரிக்கவில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஈரம் இருந்ததோ என்னவோ, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "பச்சப் புள்ளயோட நீங்க இதுல படுக்க ஏலா. என்ட கட்டில இங்க போடுங்க. கெழவிக்கு என்ன வரப் போகுது?"

அவருடைய ஒடுங்கிய இரும்புக் கட்டில் பின்னறைக்குப் போனது, நாங்கள் முன்னறைக்கு வந்தோம். பயம் மட்டும் என்னோடேயே வந்தது. முன்பு எனக்காகப் பயந்தேன், பிறகு மாமிக்காக. மழை பிடித்த இரவுகளில் பின்பக்கமிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வரும். மண் நகர்கிறது என்று பிள்ளையை அள்ளிக்கொண்டு ஹோலில் போய் நிற்பேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிடும். விடிந்து கேட்டால், "எனக்கு ஒண்டும் கேக்கல்லியே. நீங்க பகல்ல கொஞ்சம் படுங்க, மகள்" என்பார். எனக்குத்தான் மூளை பிசகுகிறதோ என்று அதற்கும் பயந்தேன்.

மலை வரவில்லை. மாமி நோய்ப்பட்டு, ஆஸ்பத்திரியில் மௌத்தானார். அடக்கம் முடிந்த பிறகு அறையைக் கழுவுவதற்காகக் கட்டிலை வெளியே எடுத்தோம். சிவப்புப் பொலிஷ் போட்ட தரையில், கட்டில் கால் இருந்த இடத்திலிருந்து வாசல் வரை வளைவு வளைவாகக் கீறல்கள். ஒன்றின் மேல் ஒன்றாக, சில இடங்களில் சீமெந்து தெரியும் அளவுக்கு. என் கணவர் குந்தி உட்கார்ந்து அவற்றை விரலால் தடவினார். "உம்மாவா இத இழுத்தீக்கிறாங்க?" என்றார். மழை இரவுகளில் மாமி கட்டிலைத் திருப்பிக் குறுக்கே போட்டிருக்கிறார். கிப்லாவுக்குக் காலும் நீட்டவில்லை, மலைக்குத் தலையும் கொடுக்கவில்லை. கதவை அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். மண் வந்திருந்தால் அவர் வெளியே வந்திருக்க முடியாது, நாங்களும் உள்ளே போயிருக்க முடியாது. விடியுமுன் மறுபடி இழுத்து, இருந்த இடத்தில் வைத்திருக்கிறார்.

இப்போது மகள் பிள்ளை பெற்று வந்து முன்னறையில் இருக்கிறாள். என் கணவர் வெளிநாட்டில். பின்னறையில் அதே இரும்புக் கட்டிலில் நான். இரவில் அதை நானும் திருப்புகிறேன். சத்தம் வராமலிருக்கக் கால்களுக்குப் பழைய துணி சுற்றியிருக்கிறேன். கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றிவிட்டால் பாதிப் பயம் தீர்ந்துவிடும், தச்சனுக்கு அரை நாள் வேலைகூட இல்லை. ஆனால் ஏன் என்று மகள் கேட்பாள். காரணம் தெரிந்தால் என்னை இதில் படுக்க விடமாட்டாள், தானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடுவாள். பகலிலிருந்து மழை விடவில்லை. இன்றைக்கும் நான் தச்சனைக் கூப்பிடவில்லை.