தம்பிக்கு யாரும் சொல்லவில்லை

நம்புங்கள் என்று யாரிடமும் கெஞ்சமாட்டேன். ஆனால் இது நடந்தது. 1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. சுவீடன் முழுவதும் சாலையின் இடப்பக்கத்தை விட்டு வலப்பக்கம் ஓட்டத் தொடங்கிய விடியற்காலை.

நான் ஃபோல்கே. வார்ம்லாந்து மாகாணத்தில் பால் லாரி ஓட்டினேன். காலை ஆறு மணி வரை சொந்தக் கார்கள் சாலைக்கே வரக் கூடாது, எங்களுக்கு அனுமதி உண்டு. ஆறு அடித்ததும் என் மகள் பார்ப்ரோ ஆஸ்பத்திரியில் இரவுப் பணி முடித்து இதே வழியாக வருவாள். பழைய ஞாபகத்தில் பக்கம் மாறிவிடுவாளோ என்று புலம்பிக்கொண்டே ஓட்டினேன்.

"எப்படிண்ணே மறக்கும்? இன்னிக்குப் பக்கம் மாறுதுன்னு பால் அட்டைப்பெட்டியில போட்டாச்சு, ஜட்டியில கூட அச்சடிச்சு விக்கிறானுங்க!" என்று சிரித்தான் கூட வந்த ஹில்டிங்.

சரியாக 4.50. சட்டப்படி நின்றோம். மெதுவாக வலப்பக்கம் ஒதுங்கி மறுபடி நின்றோம். ஐந்து மணி வரை எந்த வண்டியும் அசையக் கூடாது.

4.54. ரேடியோ கரகரத்தது... நின்றது.

4.56. ஆற்று வளைவில் வெளிச்சம். ஒரே ஒரு விளக்கு.

"எவன்டா அவன்? எல்லாரும் நிக்கணுமே!"

எஞ்சின் சத்தம் இல்லை. சரளையில் டயர் மட்டும்... சர்ர்ர்...

பழைய வழக்கப்படி அதன் இடப்பக்கத்திலேயே வந்தது. எங்களுக்கு நேர் எதிரே.

"ஹாரன் அடிங்கண்ணே!"

அடித்தேன். பச்சைக் கார்.

உள்ளே என் தம்பி யுங்வே.

எப்போதும் போல இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினான்...

கண்ணை மூடிக்கொண்டேன்.

மோதவில்லை. குளிர் மட்டும் எங்களுக்குள் புகுந்து போனது.

அதே வளைவில் பனியில் சறுக்கி யுங்வே செத்து ஆறு வருடம். தினமும் இப்படித்தான் போய்க்கொண்டிருந்தானோ என்னவோ. அவன் பக்கத்தில் அவன், நம் பக்கத்தில் நாம். இன்று நாம்தான் அவன் பாதைக்கு மாறியிருந்தோம்.

5.25. பால் பண்ணை டெலிபோனில் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டேன். பார்ப்ரோவே எடுத்தாள்.

"அப்பா, இன்னும் அதே கவலையா? நான் ஒழுங்கா வலப்பக்கம்தான் வருவேன், போதுமா?"

தம்பியின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. அப்பனுக்குப் பைத்தியம் என்பாளே என்று விழுங்கிவிட்டேன்.

"பாத்து வாம்மா."

அவ்வளவுதான் சொன்னேன். பாவி நான்.

6.20. அதே வளைவில் அவள் கார் ஆற்றில் கிடந்தது.

மதியம் வரை உயிர் இருந்தது. "சித்தப்பா என் பக்கமே வந்தாருப்பா... ரெண்டு விரலைக் காட்டினாரு..." என்றாள். அந்த விரல்களைப் பற்றி நானும் ஹில்டிங்கும் யாரிடமும் மூச்சு விட்டிருக்கவில்லை.

அடுத்த மாதம் தபால் நிலையத்தில் ஒரு உறையை என்னிடம் கொடுத்தார்கள். இனி வலப்பக்கம் ஓட்டுங்கள் என்று வீடுதோறும் வந்த விதிப்புத்தகம்தான். ஏதோ பழைய பட்டியலைப் பார்த்து யுங்வேயின் பெயருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். பிரிக்கவே இல்லை.

மேலே தபால்காரர் பென்சிலால் எழுதியிருந்தார்: "ஆள் உயிரோடு இல்லை. கொடுக்கவில்லை."