மிட்டாதாரின் உல்லாசப் படகும் நாங்கள் நால்வரும்

மோகனூர்த் துறையில் பரிசல் ஓட்டிக்கொண்டிருந்த என்னையும் என் கூட்டாளிகள் மூவரையும் எங்கள் ஊர் நிலங்களுக்கெல்லாம் சொந்தக்காரரான மிட்டாதார் ஒரே நாளில் மாலுமிகளாக்கிவிட்டார். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவரிடம் பாய்மர உல்லாசப் படகு வாங்கித் தம் ஏரியில் மிதக்கவிட்டிருந்தார். மழைக்காலத்தில்தான் அது ஏரி. மற்ற மாதங்களில் வெள்ளாடு மேயும்.

மாதச் சம்பளம், வெள்ளைக் கால்சட்டை, நீலப் பட்டைத் தொப்பி. கடலை நாங்கள் பார்த்ததில்லை. பாயைத் திருப்பவும் தெரியாது. மூங்கில் கழியால் ரகசியமாகத் தள்ளுவோம்.

"காத்து நல்லா இழுக்குதப்பா!" என்பார் மிட்டாதார்.

"ஆமாங்க சாமி" என்போம்.

எனக்கு அந்தத் தொப்பிதான் உயிர். ராசிபுரத்தில் பெண் பார்த்திருந்தோம். "பரிசல் தள்றவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டனுங்க" என்று சொல்லியனுப்பிய பெண்ணின் அப்பா, மாதச் சம்பளம் என்றதும் இறங்கி வந்தார். ஆனாலும் உத்தியோகத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வெற்றிலை பாக்கு மாற்றுவாராம். கலெக்டர் துரை படகேற வருகிற அன்றைக்கே வரச் சொன்னேன்.

அதற்கு முந்தின மாலை எங்களுக்குப் பொறுப்பு பொங்கிவிட்டது. தோல் பரிசலை வேலை முடிந்ததும் கரையேற்றிக் கவிழ்த்துக் காயவைப்போம். இல்லாவிட்டால் ஊறி அழுகிவிடும். துரை உட்காரும் படகை ஈரத்தோடு விடலாமா? வயலில் நின்ற எட்டுப் பேரைக் கூப்பிட்டு, படகைக் கரைக்கு இழுத்து, மூச்சைப் பிடித்துக் கவிழ்த்தோம். பாய்மரம் படாரென்று முறிந்தது. பரிசலில் நடுவே கம்பு கிடையாது. அந்த நினைப்பே வரவில்லை.

காலையில் மிட்டாதார் வந்து பார்த்தார். வேலை போனால் பெண்ணும் போச்சு.

"ஏன்டா கவுத்தீங்க?"

"காயட்டும்னுதானுங்க சாமி."

அவருக்குத் திட்ட நேரமில்லை. துரையின் கார் வந்துவிட்டது. ஏரியில் மீன் பிடிக்கும் பரிசல் ஒன்று கிடந்தது. துரை, துரைசானி, மிட்டாதார் மூவரையும் அதில் ஏற்றி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நடு ஏரியில் துடுப்பால் ஒரு சுழற்று சுழற்றினேன். துரைசானி கைதட்டி இன்னொரு சுற்று கேட்டாள். மிட்டாதார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கரையேறியதும் துரை அவர் கையைக் குலுக்கி, எங்களையும் மெச்சிவிட்டுப் போனார். வேலை நிலைத்தது.

பெண்ணின் அப்பா எல்லாவற்றையும் கரையிலிருந்து பார்த்தார். நான் ஓட்டியது பரிசல்தான் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றினார்.

"முகூர்த்தத்துக்கும் அந்தத் தொப்பியவே போட்டுக்குங்க மாப்ளே" என்றார்.

எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. முகூர்த்தத்தன்று மாப்பிள்ளைக்குக் கட்டிய உருமாலைத் தலைப்பாகையைக் கழற்றிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டேன்.