மச்சக் கத்தியின் மூக்கு

ஜெர்மனியில் இருக்கும் என் அண்ணா எதை வாங்கினாலும் அது அவருக்குக் கொஞ்ச நாள்தான் இனிக்கும். பிறகு அண்ணி அதை வீட்டை விட்டு அனுப்பச் சொல்வார். அப்படித்தான் அந்தக் கத்தி தீட்டும் மெஷின் பழைய ஜம்பர்களுக்கும் சொக்கிலேற் பெட்டிகளுக்கும் நடுவில் கப்பலேறி, கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் இருந்த எங்கள் தொடர்மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நான் கேட்டது மிக்சி.

என் கணவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இஞ்சேரும், உதை மூடிக் கட்டிலுக்குக் கீழே வையும்" என்றார். சண்டைக் காலம். எங்காவது குண்டு வெடித்தால் அடுத்த நாள் எங்கள் ஒழுங்கையில் ஆமியும் பொலிசும் வந்து வீடு வீடாகத் தேடுவார்கள். தமிழர் வீட்டில் கத்தி இருப்பதே போதும், அதைக் கூராக்க ஒரு மெஷினும் வேண்டுமா என்பது அவருடைய பயம். அவர் அப்படிச் சொன்னதால்தான் நான் அதைக் குசினி மேசைமேல் தூக்கி வைத்தேன்.

மெஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு சாணைக்கல் சில்லு, அதன் அடிப்பாகம் ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டிக்குள் கிடக்கும். சுவிட்சைப் போட்டால் வயதானவர்கள் கோயில் வீதி சுற்றுவதுபோல மெதுவாகச் சுற்றும். சுற்றும்போதே தண்ணீரை மேலே கொண்டுவந்து கத்தியைக் குளிர வைக்கும். கத்தி சூடேறினால் இரும்பின் பலம் போய்விடுமாம். இதை அண்ணா போனில் சொன்னார். மற்றதெல்லாம் கூட வந்த புத்தகத்தில் இருந்தது. அது ஜெர்மன் மொழியில் இருந்ததால் படங்களைப் பார்த்துத்தான் படித்தேன்.

முதல் நாள் ஊற்றிய தண்ணீரையெல்லாம் கல் குடித்துவிட்டது. புதுக் கல் அப்படித்தான் குடிக்கும் என்பது எனக்குத் தெரியாது. தொட்டி ஓட்டை என்று நினைத்து மேசைக்குக் கீழே தவழ்ந்து தேடினேன். என் கணவர் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு அதற்குப் பின்னால் சிரித்தார். பேப்பர் ஆடியதில் கண்டுபிடித்தேன்.

எங்கள் ஆட்கள் பலரின் வீட்டில்போல எங்களிடமும் இரண்டு கத்தி இருந்தது. மீன், இறைச்சிக்கு மச்சக் கத்தி, மரக்கறிக்கு வேறு கத்தி. இரண்டையும் ஒன்றாகக் கழுவக்கூட மாட்டோம். பிழைத்தால் பிழைக்கட்டும் என்று மச்சக் கத்தியில் தொடங்கினேன். கத்தியைக் கல்லின்மேல் ஒரே சரிவில் பிடித்து, அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக இழுக்க வேண்டும். நுனிக்கு வந்ததும் நான் அங்கேயே நின்று அழுத்தினேன். எனக்கு எதையும் அழுத்தித்தான் செய்யத் தெரியும். கூராக இருந்த மூக்கு தேய்ந்து உருண்டையாகிவிட்டது. "நல்லது, இனி இதாலே ஒருத்தரையும் குத்தேலாது" என்று என் கணவர் முதல் தடவையாக மெஷினைப் பாராட்டினார்.

அதற்குப் பிறகு பொறுமை வந்ததோ இல்லையோ, பிடிவாதம் வந்தது. கத்தியின் விளிம்பில் கறுப்புப் பேனாவால் கோடு கீறிவிட்டு, கல் எந்த இடத்தில் அந்த மையை அழிக்கிறது என்று பார்த்துச் சரிவைப் பிடித்தேன். ஒரு பக்கம் தீட்டி முடிய மற்றப் பக்கத்தில் மெல்லிய பிசிர் எழும். விரலால் தடவினால் தெரியும். இரண்டு பக்கமும் தீட்டி, கடைசியில் மெஷினின் மற்றப் பக்கத்தில் இருந்த, தோல் சுற்றிய சின்னச் சில்லில் உரசினால் அந்தப் பிசிர் போய்விடும். ஒருநாள் பழுத்த தக்காளி, கத்தியின் பாரத்திலேயே இரண்டாகப் பிளந்தது. அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

செய்தி மாடி மாடியாகப் பரவியது. எல்லாரும் கத்தி கொண்டுவந்தார்கள், மேல்வீட்டு மாமியைத் தவிர. மாமி சுத்த சைவம். மாமா அரசாங்க வேலையாய்க் குருநாகலில் இருந்த காலத்தில் அங்கே பல வருடம் குடியிருந்தவர், சிங்களம் தண்ணீர்போலப் பேசுவார். நான் மீன் பையோடு படியேறினால் சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்பார். கத்தியைத் தாருங்கள் மாமி என்று நானாகவே போய்க் கேட்டேன். "மச்சக் கத்தி உரசின கல்லிலே என்ர கத்தி படாது, பிள்ளை" என்றார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வந்தது. இவவின் கத்தியால் பூசணிக்காயைத் தடவிக் கொடுக்கலாம், வெட்ட முடியாது என்று மாடி முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அந்த வருடம் கந்தசட்டி வந்தது. விரத நாட்களில் எங்கள் மாடியில் யார் வீட்டிலும் மச்சம் இல்லை, மச்சக் கத்திகளுக்கு வேலையும் இல்லை. எல்லாவற்றையும் தாருங்கள், பாறணை முடிந்து மீன் வாங்கும் நாளில் புதுக்கத்தியாகத் தருகிறேன் என்று அறிவித்தேன். மாடியிலிருந்த அத்தனை மச்சக் கத்திகளும் வந்துவிட்டன. மாறிப் போகாதபடி பிடிகளில் வேறு வேறு நிறத்தில் நூல் கட்டி, மேசையில் பேப்பர் விரித்து அடுக்கினேன். அழகாய் இருந்தது. என் கணவர் அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் எழும்பினார்.

அடுத்த நாள் விடிய, வீடு வீடாகத் தேடிக்கொண்டு வந்த ஆமியோடு பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் எங்கள் கதவைத் தட்டினார்.

அவர் மேசையைப் பார்த்தார். பிறகு சட்டையில்லாமல் இடுப்பில் சாரத்தோடு நின்ற என் கணவரைப் பார்த்தார். சிங்களத்தில் ஏதோ கேட்டார். என் சிங்களம் மீன் சந்தைச் சிங்களம். மீன்களின் பெயரும் விலையும் அதற்குள் அடக்கம். என் கணவருக்கு அதுவும் வராது. நான் மெஷினைக் காட்டினேன், வாசலைக் காட்டினேன், மற்ற வீடுகளைக் காட்டினேன். அக்கம்பக்கத்துக் கதவுகள் விரலளவு திறந்து மூடின. அத்தனை கத்திக்கும் சொந்தக்காரர் இருந்தார்கள், ஒருவரும் வெளியே வரவில்லை. அவர்களில் எனக்குப் பிழை சொல்லவும் முடியவில்லை. சார்ஜன்ட் என் கணவரைச் சட்டை போடச் சொல்லிச் சைகை காட்டினார். அப்படிக் கூட்டிக்கொண்டு போகப்பட்டவர்களில் சிலர் திரும்பி வரவில்லை.

அப்போதுதான் மாமி படியிறங்கி வந்தார். தலை முழுகி, நெற்றி நிறையத் திருநீறு, கோயிலுக்குப் போகிற கோலம். வாசலில் நின்று உள்ளே பார்த்தார். நேராக மேசைக்கு வந்து, மூக்குப் போன என்னுடைய மச்சக் கத்தியை எடுத்து சார்ஜன்டின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சிங்களத்தில் வெளுத்து வாங்கத் தொடங்கினார். ஏச்சு முழுக்க எனக்குத்தான், அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நடுவில் "மாளு" என்ற சொல் காதில் விழுந்தது. மீன். அது எனக்குத் தெரிந்த சொல், மிச்சத்தை அவர் கை காட்டிய விதத்தில் ஊகித்தேன். இது என்னுடைய மீன் கத்தி, தீட்டித் தா என்று கொடுத்தேன், இந்தப் பெண் என்ன செய்து வைத்திருக்கிறாள் பாருங்கள் என்று சொல்கிறார். வாழ்நாளில் மீனைத் தொடாத மாமி, கந்தசட்டி விரதத்தில் பச்சைத் தண்ணீரோடு இருந்த மாமி சொல்கிறார்.

பிறகு படிப்பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "உங்கட கத்தியளை வந்து எடுங்கோ. எடுக்காட்டி இந்தப் பிள்ளையின்ர மனுசன் உங்களுக்காகப் போவார்."

ஒரு கதவு திறந்தது. பிறகு மற்றவை. எல்லாரும் வந்து தங்கள் நூலைப் பார்த்துக் கத்தியை எடுத்தார்கள். சார்ஜன்ட் மெஷினைப் போட்டுக் காட்டச் சொன்னார். கல் தண்ணீரை அள்ளிக்கொண்டு மெதுவாகச் சுற்றியது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார், கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எங்களைத் திரும்பிப் பார்க்காமலே இறங்கிப் போனார்கள். இவ்வளவு மெதுவாகச் சுற்றுகிற மெஷினால் ஒன்றுக்கும் பயனில்லை என்றாராம், மாமிதான் மொழிபெயர்த்தார். அதை அவர் ரசித்துச் சொன்னதாகத்தான் எனக்குப் பட்டது.

அவர்கள் இன்னும் ஒழுங்கையில் நின்றதால் மாமி அந்தக் கத்தியைக் கையில் பிடித்தபடியே மேலே போனார். மத்தியானம் நான் அதை வாங்கப் போனேன். கத்தி வாசலுக்கு வெளியே ஒரு வாழையிலைத் துண்டில் கிடந்தது. மாமி திரும்பவும் தலை முழுகி, ஈரத் தலையோடு கதவைத் திறந்தார். எனக்கு அழுகைதான் வந்தது. அதற்கும் ஏச்சு விழுந்தது. விரதம் போய்விட்டதே மாமி என்றேன். அதை முருகனோடு தான் கதைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

உள்ளே போய், துணியில் சுற்றிய தன் மரக்கறிக் கத்தியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"கல்லை வடிவாக் கழுவிப்போட்டுத் தீட்டு. மூக்கிலே மட்டும் கை வைக்காதை."