எங்கள் தொகுதி இல்லாமல் போன வருடம்

சுவிஸ் குடியுரிமை கிடைத்த பிறகு என்னைக் கட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனவள் ஒரு சிநேகிதி. எங்கள் பிள்ளைகள் ஒரே கிண்டர்கார்டனுக்குப் போனதால் வந்த பழக்கம். அவள் இந்த ஊரில் பிறந்து வளர்ந்த சுவிஸ்காரி, கன்டோன் என்கிற மாநிலப் பாராளுமன்றத்தில் உறுப்பினர். நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர்.

"இந்தப் பள்ளத்தாக்கில் பாதிப்பேரின் தாய் தகப்பனை நீதான் பார்க்கிறாய். நீ ஏன் தேர்தலில் நிற்கக் கூடாது?" என்று கேட்டாள்.

நின்றேன். எங்கள் பள்ளத்தாக்கு அப்போது தனித் தொகுதி. கட்சிக்குக் கிடைத்த ஒரே ஆசனம் அவளுக்குப் போனது. அவளுக்கு அடுத்ததாக வாக்கு எடுத்தது நான். தான் இனி நிற்கப் போவதில்லை, அடுத்த முறை அந்த இடம் எனக்குத்தான் என்று என் குசினியில் தேநீர் குடித்துக்கொண்டு சொன்னாள்.

அதை நம்பித்தான் ஓய்வு நாட்களில் ஆதரவு கேட்டு மலைப் பக்கத்துப் பண்ணை வீடுகளுக்கு ஏறி இறங்கினேன். ஏதோ விற்க வந்தவள் என்று நினைத்துக் கதவைப் பாதி திறப்பார்கள். பிறகு அடையாளம் கண்டு, "அம்மாவைக் குளிப்பாட்டுகிறவர் நீங்கள்தானே" என்று உள்ளே விடுவார்கள். சில நாட்களில் அவளும் கூட வருவாள்.

ஒரு மதியம் வேலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ரேடியோவில் செய்தி போனது. பள்ளத்தாக்கில் சனம் குறைந்துவிட்டதாம். இனித் தனித் தொகுதி இல்லையாம். பட்டணத்தோடு சேர்க்கப் போகிறார்களாம். அதை ஆராய்ந்த குழுவின் சார்பில் பேசியது அவள் குரல். எல்லாருடைய வாக்குக்கும் ஒரே பெறுமதி இருக்க வேண்டும் என்று நிதானமாக விளக்கினாள்.

பக்கத்தில் இருந்த முதியவர் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் இளந்தாரியாய் இருக்கும்போது எங்களை மலைக்கு அந்தப் பக்கத்தோடு சேர்த்து வைத்திருந்தார்கள். பிறகு பிரித்தார்கள். இப்போது இப்படி."

வேலை முடிந்ததும் நேரே அவள் வீட்டுக்குப் போனேன்.

"உனக்கு எப்போதிருந்து தெரியும்?"

"போன வருடத்திலிருந்து. குழுவில் கதைப்பதை வெளியே சொல்லக் கூடாது."

"சரி, அதைச் சொல்ல வேண்டாம். ஆனால் போன கிழமையும் என்னோடு வந்து கதவு தட்டினாயே."

"நீ அவ்வளவு ஆசையாகச் செய்துகொண்டிருந்தாய். நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை" என்றாள். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே, "புதுத் தொகுதியில் பட்டணத்து ஆட்கள்தான் கூடுதல். கட்சியின் வேட்பாளர் பட்டியலில் மேலே பள்ளத்தாக்கிலிருந்து ஒருவருக்குத்தான் இடம். என்னைக் கேட்டார்கள்" என்றாள்.

"நீ என்ன சொன்னாய்?"

"சம்மதித்துவிட்டேன். கீழே உனக்கும் ஓர் இடம் தருவார்கள். ஒரு தமிழ்ப் பெயர் இருந்தால் பட்டியலுக்கு நல்லது."

நான் காலணியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அழுகை வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது.

லாங்கன்தால் ஊரில் இருக்கிற தங்கச்சிக்கு போனில் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"ரகசியம் காக்கிறது சரி அக்கா. உங்கடை இடத்தை எடுக்கச் சொல்லியும் சட்டம் சொன்னதோ?"

பட்டியலுக்கு வரமாட்டேன் என்று கட்சிக்கு அறிவித்துவிட்டேன். தேர்தல் வந்தபோது வாக்குச் சீட்டு தபாலில் வீட்டுக்கு வந்தது. இங்கே பட்டியலில் பிடிக்காத பெயரைப் பேனாவால் வெட்டிவிடலாம். அவள் பெயரை வெட்டினேன்.

"அவள் எப்படியும் வெல்லுவாள்" என்றார் கணவர்.

"ஓம், தெரியும்."

வென்றாள். அதன் பிறகு ஒருநாள் கடையில் எதிர்ப்பட்டாள். "இன்னும் என்னோடு கோபமா?" என்று கேட்டாள்.

"கோபம் போய்விட்டது. உன்னிடம் ஒன்றையும் நம்பிச் சொல்ல முடியாமல் இருக்கிறது" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுக் காசு கட்டுகிற வரிசைக்குப் போனாள். நான் மரக்கறிப் பக்கம் திரும்பி, அவள் போகும்வரை அங்கேயே நின்றேன்.