எறும்பு மொய்த்த சட்டை

என் அழுகை எங்கள் குடும்பத்தில் பெயர்போனது. கல்யாணம், ஞானஸ்நானம், கிறிஸ்துமஸ் விருந்து என்று நாலு பேர் கூடினால் போதும், சாப்பாடு முடிவதற்குள் யாராவது அதை எடுத்துவிடுவார்கள். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, செத்துப்போன மாமாவின் காலைக் கட்டிக்கொண்டு நான் அழுததைப் பார்த்துப் போலீஸ் சார்ஜனே தொப்பியைக் கழற்றிவிட்டாராம். அறுக்க இருந்த உடம்பை அறுக்காமல் விட்டுவிட்டார்களாம். அந்த வயசிலேயே எவ்வளவு பாசம் பாருங்கள் என்று அம்மா என் முதுகைத் தடவுவாள். எனக்கு முப்பத்தைந்து வயதாகிறது. இன்னும் அந்தக் கதை தொடங்கியதும் தட்டுக் கழுவும் சாக்கில் எழுந்து போய்விடுகிறேன். அதையும் அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. செமிலிங் ஊருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி அவரும் அத்தையும் இருந்தார்கள். பிள்ளை இல்லை. அதனால் பாதி நேரம் நான்தான் அவர்கள் பிள்ளை. மாமா பெரிய உடம்புக்காரர். அவர் சிரித்தால் தகர வேலியில் உட்கார்ந்திருக்கும் காக்கை பறந்துவிடும். அவருக்கு முப்பத்தாறு வயதில் இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, இருப்பதாகக் கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அன்றோடு அத்தை வீட்டில் சீனி டப்பா ஒளிந்துகொண்டது. காலையில் ஓட்ஸ், மத்தியானம் பாகற்காய், யாராவது நல்லது என்று சொன்னால் பீடோங் கடைக்குப் போய் ஏதாவது பொடி என்று அத்தை அவரை விரட்டிக்கொண்டே இருந்தாள்.

மாமாவுக்குக் கடத்தல்காரி நான். பெரிய ரோட்டில் மரத்தடியில் தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்திய கடை இருந்தது, மாமாக் கடை என்போம். அங்கே தேங்காய்ப்பால், வெல்லப்பாகு, பச்சை மாவு இழைகள், ஐஸ் எல்லாம் கலந்த செண்டோலைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, உறிஞ்சுகுழலைச் செருகி, சிவப்புக் கயிற்றால் ஒரு பக்கமாகக் கட்டித் தருவார்கள். சைக்கிளில் போய் வாங்கிவந்து, வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூண்டு அருகே மாமாவிடம் கொடுப்பேன். முதல் உறிஞ்சு எனக்கு. அதுதான் எங்கள் ஒப்பந்தம். காலிப் பையை அவர் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, லாரியில் போகும்போது வெளியே எறிந்துவிடுவார். மாட்டிக்கொண்டதே இல்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில் வேறு விதமாக மாட்டிக்கொண்டார். கெட்டிப்பால் டின்னை நக்கிக்கொண்டிருந்தபோது அத்தை பார்த்துவிட்டாள். வரிசை வீடு முழுக்கக் கேட்கும்படி, "இப்படியே தின்னு தின்னு ஒரு நாளைக்குப் போய்ச் சேருங்க! எனக்கென்ன!" என்று கத்தினாள். எல்லா வீட்டிலும் பெண்டாட்டிகள் சொல்வதுதான். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பதினோரு மணிக்கு, இன்றைக்கு இரண்டு பை வேண்டும் என்றார். கோபத்துக்கு ஒன்று, பசிக்கு ஒன்று.

இரண்டையும் குடித்தார். மத்தியானம் அத்தை சோறு போட்டு, ரசம் ஊற்றி, பாகற்காயை ஒரு ஓரத்தில் குவித்துக் கொடுத்தாள். காற்றாட உட்கார்ந்து சாப்பிடுவதாகச் சொல்லித் தட்டைப் பின்பக்கம் எடுத்துவந்தவர், ஒரு வாய்கூட வைக்காமல் அத்தனையையும் கோழிகளுக்குக் கொட்டிவிட்டு, வாயில் விரலை வைத்து எனக்குச் சைகை காட்டினார். வயிறு நிறைந்துவிட்டது பாவம். பிறகு போய்ப் படுத்தார். நாலு மணிக்கு அத்தை தேத்தண்ணி கொண்டுபோய் எழுப்பியபோது அவர் எழுந்திருக்கவில்லை.

வீட்டில் திடீரென்று இறந்ததால் போலீசுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. வந்த மலாய்க்காரச் சார்ஜன் மெதுவாகப் பேசுகிற மனிதர். நல்ல வயதில் இப்படிப் போனவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் போஸ்ட்மார்ட்டம் செய்து பார்ப்பதுதான் முறை என்றார். யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை, வேண்டாம் என்று குடும்பத்தார் எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னால் மேலதிகாரியிடம் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் முடிவு தன் கையில் இல்லை என்றும் சொன்னார்.

அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, உடனே வேண்டாம் என்றார். அறுத்த உடம்பை வீட்டுக்குள் கொண்டுவர முடியாது, தெருவில் வைத்தா ஜெபம் சொல்வது, முழு உடம்பாக வந்தவனை முழு உடம்பாகத்தான் கோயிலுக்கு எடுத்துப்போக வேண்டும் என்றார். அம்மாவும் அதையேதான் சொன்னாள்.

அத்தை மட்டும் சுவரில் சாய்ந்தபடி, "செய்யட்டும் அண்ணே. நேத்து வரைக்கும் லாரி ஓட்டுன மனுசன். எதனால போனாருன்னு எனக்குத் தெரியணும்" என்றாள்.

கட்டின புருஷனை அறுத்துப் பார்க்கச் சொல்லும் பெண்ணை எங்கள் ஆட்கள் அதுவரை கண்டதில்லை. பெரிய மாமா தொண்டையைச் செருமினார். அவள் சொன்னதையே திரும்பச் சொன்னாள்.

அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் மாமாவின் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பையைச் சுற்றி எறும்பு மொய்த்திருந்தது. நிலையோரமாக ஒரு வரிசை ஏறியும் இறங்கியும் போய்க்கொண்டிருந்தது. வயிற்றைத் திறந்தால் உள்ளே பச்சைப் பச்சையாகச் செண்டோல் கிடக்கும், டாக்டர் அதை இடுக்கியால் எடுத்து எல்லோருக்கும் காட்டுவார், இதை வாங்கிக் கொடுத்தது யார் என்று சார்ஜன் கேட்பார். நான் அந்த வருஷம்தான் பூசையில் முதல் நன்மை வாங்கத் தயாராகிக்கொண்டிருந்தேன். கொலை செய்வது எத்தனையாவது கட்டளைக்கு விரோதம் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும்.

ஓடிப்போய் மாமாவின் காலைக் கட்டிக்கொண்டேன். "மாமாவ அறுக்காதீங்க! மாமாவுக்கு வலிக்கும்! அறுக்காதீங்க!" என்று கத்தினேன். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அந்த அழுகையில் மாமாவுக்காக ஒரு சொட்டுக்கூட இல்லை. அத்தனையும் எனக்காக அழுதது. ஆனால் பார்த்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? அம்மா கதறினாள். பெரிய மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சார்ஜன் தொப்பியைக் கழற்றியது உண்மைதான்.

அத்தை என்னை வெகு நேரம் பார்த்தாள். பிறகு கதவுப் பக்கம் பார்த்தாள். திரும்பவும் என்னைப் பார்த்தாள். "சரி, வேணாம். புள்ள தாங்காது" என்றாள்.

சார்ஜன் வெளியே போய் வெகு நேரம் போனில் பேசினார். கடைசியில் விட்டுவிட்டார்கள். காகிதத்தில் மாரடைப்பு என்று எழுதப்பட்டது. யாரும் திறந்து பார்க்காத நெஞ்சைப் பற்றி அவ்வளவு உறுதியாக எழுதினார்கள். மறுநாள் அடக்கம். மாமா முழு உடம்பாக, கல்யாணக் கோட்டுப் போட்டுக்கொண்டு போனார்.

அடக்கத்தன்று காலையில் கொடிக்கயிற்றில் மாமாவின் சட்டை ஈரமாகத் தொங்கியது. அம்மாதான் அதை முதலில் பார்த்தாள். பிணம் கூடத்தில் கிடக்கும்போது எவளாவது துணி துவைப்பாளா என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டாள். கேட்ட வாய் அதோடு நிற்கவில்லை. காலையில் போய்ச் சேருங்க என்று கத்தினது யார்? மத்தியானச் சோறு போட்டது யார்? அந்தச் சோற்றில் என்ன இருந்தது? எதையோ துவைத்து மறைத்திருக்கிறாள். அறுக்கச் சொன்னதெல்லாம் நடிப்பு, பிள்ளை அழுததும் வேண்டாம் என்றாளே, அதிலேயே தெரியவில்லையா? அறுக்கவே கூடாது என்று நின்ற அதே வாய்கள்தான், அறுத்துப் பார்த்திருந்தால் வண்டவாளம் தெரிந்திருக்கும் என்று பேசின.

அவர்கள் பேசிக்கொண்டிருந்த வாசலில்தான் அத்தையின் கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. அந்த மத்தியானச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்ற கோழிகள். ஒன்றுகூடச் சாகவில்லை, நன்றாகக் கொழுத்தே இருந்தன. நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்: மாமா அந்தச் சோற்றைச் சாப்பிடவில்லை. ஆனால் பின் எதைச் சாப்பிட்டார் என்று கேட்பார்களே. நான் அந்தக் கோழிகளைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அன்று மட்டுமல்ல, அந்த வருஷம் முழுக்க.

வருஷப் பூசை முடிந்ததும் அத்தை கோலா கெடாவில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். கிளம்பும்போது என் கன்னத்தைத் தொட வந்தாள். அம்மா பார்த்துக்கொண்டிருந்ததால் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

போன பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு லங்காவித் தீவுக்குப் போகக் கோலா கெடா படகுத்துறைக்குப் போயிருந்தேன். படகு வர நேரமிருந்தது. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் விற்கிற ஒரு மேசைக்குப் பின்னால் அத்தை உட்கார்ந்திருந்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "அடடே, புள்ள பெத்துட்டியா நீ!" என்று எழுந்தாள். என் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தாள். நான் அதைச் சொல்லிவிட்டேன். அன்றைக்குச் செண்டோல் வாங்கிக் கொடுத்தது நான்தான், இரண்டு பை.

"தெரியும்லா" என்றாள். "சட்டையில எறும்பு மொய்ச்சுக்கிட்டு இருந்துச்சு. நீ அழுத அழுகையைப் பார்த்தேன். இது துக்கத்துல அழுவுற அழுகை இல்ல, பயந்த அழுகைன்னு தெரிஞ்சுபோச்சு. அறுத்துப் பாத்து, சீனியாலதான்னு எழுதிட்டா, நீ ஆயுசுக்கும் தூக்கிட்டுத் திரிவியே. ராத்திரியோட ராத்திரியா சட்டைய அலசிப் போட்டேன்."

அவள் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டே, ரெண்டு பை செண்டோலில் யாரும் சாக மாட்டார்கள் என்று பிறகு ஒரு டாக்டர் சொன்னதாகச் சொன்னாள். கடைசிப் பொட்டலத்தை வைத்துவிட்டு, "என் பயம் வேற" என்றாள். "அன்னைக்கு ரசத்துல புதுசா ஒரு பொடி கலந்து குடுத்தேன். பீடோங்ல வாங்குனது, இனிப்புநீருக்கு நல்லதுன்னாங்க. அதுதான் கொன்னுருச்சோ என்னமோ. அதுக்குத்தான் அறுக்கச் சொன்னேன். இத்தன வருசமாச்சு, இன்னும் தெரியல."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "அத்தே, மாமா அந்தச் சோத்தையே தொடலை. எல்லாத்தையும் கோழிக்குக் கொட்டிட்டாரு. நான் பார்த்தேன்."

"தொடலையா?" என்றாள். "ஒரு வாயும்?" இல்லை என்றேன். மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். படகுக்கு அழைத்தார்கள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புள்ளைங்களைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு ஏறு என்றுதான் சொன்னாள்.

திடீரென்று ஒருவர் செத்தால் போஸ்ட்மார்ட்டம் தேவையா என்று எங்கள் கோயில் வாசலில் இப்போதும் வாக்குவாதம் நடப்பதுண்டு. செத்தவரை ஏன் வதைக்க வேண்டும் என்பார்கள். நான் தேவை என்பேன். ஏன் என்று கேட்டால் இதைச் சொல்லத் தைரியம் இல்லாமல் வேறு ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். வருகிற கிறிஸ்துமஸுக்கு அம்மா என் அழுகைக் கதையை எடுக்கும்போது நான் எழுந்து போகப்போவதில்லை. அப்படித்தான் போன வருஷமும் நினைத்தேன்.

அந்த அடக்க நாள் காலையில், கொடியில் சட்டை சொட்டிக்கொண்டிருந்ததை அம்மாவுக்கு அடுத்தபடியாகப் பார்த்தது நான்தான். கிட்டே போய்ப் பையைத் தொட்டுப் பார்த்தேன். பிளாஸ்டிக் பைகள் இல்லை. ஒரு எறும்புகூட இல்லை. என் வேண்டுதலை மாதா கேட்டுவிட்டாள் என்று நினைத்து, நின்ற இடத்திலேயே மூன்று அருள்நிறை மந்திரம் சொன்னேன். அத்தை வாசற்படியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்களெல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. நான் அவளைத் தாண்டி உள்ளே போய், நிம்மதியாகப் பசியாறினேன்.