பிரிக்காமல் எழுதிய அளவு

ஆபீசில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். திரியைக் கொளுத்துகிறவர்களே வைத்த பெயர்.

மருத்துவமனை மென்பொருளின் அடித்தளத்தை எழுதுவது அவள் வேலை. அதன்மேல் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் ஒரு மாறியை, அதாவது ஒரு மதிப்பைப் போட்டுவைக்கும் பெட்டியை, அவள் எழுதிய ஃபங்ஷனிடம் கொடுத்தால், நகலையல்ல, அசலையே ஒப்படைக்கிறார்கள். உள்ளே மாற்றினால் வெளியேயும் மாறும். ஒரு கண்ணி உண்டு. மதிப்பு ஒன்றாக இருந்தால், இடத்தை மிச்சம் பிடிக்க, இரண்டு மாறிகள் நினைவகத்தில் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளும். எழுதுமுன் தனியாகப் பிரிக்க வேண்டும். பிரிக்காமல் கை வைத்தால் மற்ற மாறியும் சேர்ந்து மாறிவிடும்.

அதுதான் நடந்தது. ஒரு நோயாளிக்கு டாக்டர் மருந்தைக் கூட்ட, அதே அளவில் இருந்த அடுத்த படுக்கைப் பெரியவருக்கும் திரையில் கூடிவிட்டது. நர்ஸ் திரையைப் பார்த்துக் கொடுத்தாள். பெரியவர் மயங்கிப் பிழைத்தார். தப்பாகத் தட்டினாள் என்று நர்ஸைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். அந்த நர்ஸ் பட்டாசின் நாத்தனார்.

"நான் தட்டவே இல்ல அண்ணி," என்று அவள் அழுததைக் கேட்டுவிட்டு, பட்டாசு ஆபீசுக்கு வந்து மென்பொருளின் 'கோடை'த் திறந்தாள். பிரிக்கும் வரியைக் காணோம்.

"நான்தான் எடுத்தேன்," என்றார் மேலாளர், டீயைக் கலக்கியபடி. "அது இருந்தா டெமோவுல ஸ்லோவா இழுத்துச்சு. சத்தமில்லாம திரும்பப் போட்டுடுங்க."

"அவ வேலை?"

"அது ஆஸ்பத்திரி பாடு. சொந்தக்காரங்கன்னு குதிக்கிறீங்க."

"யாரோ ஒருத்தியா இருந்தா இன்னும் சத்தமா கேட்டிருப்பேன் சார். உறவைக் காட்டி வாயை அடைப்பீங்கன்னுதான் இவ்வளவு நேரம் மரியாதையா பேசினேன்."

உங்கள் வேகத்துக்கு ஒரு பெரியவர் செத்திருப்பார்; அதற்கும் ஒரு பெண்ணின் விரல்தான் காரணம் என்று எழுதியிருப்பீர்கள். அதையும் சொன்னாள். பிறகு அவர் கண்ணெதிரிலேயே மருத்துவமனைத் தலைமை டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அப்போ யாரும் தப்பா தட்டலையா?" என்றார் டாக்டர், அவள் நடந்ததைச் சொன்னதும்.

"இல்ல டாக்டர். தப்பு எங்க கோடுல. எந்த வரியை எடுத்தோம், ஏன் எடுத்தோம்னு என் பேரைப் போட்டே எழுதி அனுப்பறேன்."

மேலாளரின் டீ ஆறிப்போனது.

சாயங்காலம் நாத்தனார் கூப்பிட்டாள். "நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க அண்ணி."

"மன்னிப்பு கேட்டாங்களா?"

"அதெல்லாம் எங்க கேப்பாங்க. வேலை கிடைச்சுதே, விடுங்க."

"விடறதாவது," என்று பட்டாசு மறுபடியும் டாக்டரின் எண்ணைத் தேடினாள்.